டிஜே ஆல்பம் போட்டார் என்றால் என்ன செய்தார்? ட்ரான்ஸ் இசைக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு டிஜே புதிதாக ட்ரான்ஸ் (கிளப்புகளில் ஆடக் கேட்கும் ஒரு வகை மின்னணு இசை) ஆல்பம் வெளியிட்டிருக்கிறார் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்: "எந்தெந்தப் பாட்டைக் கலந்து போட்டிருக்கார்?" ஸ்டுடியோ ஆல்பம் என்பது அப்படிக் கலந்து போடுவது இல்லை. அதிலிருக்கும் பாட்டுகளை அவரே உட்கார்ந்து உருவாக்கியிருப்பார். இன்னொரு சாரார் உண்டு; "ஒரே தட்டு, ஒரே சத்தம், எல்லாம் கம்ப்யூட்டர் பண்ற வேலை" என்று இரண்டு நிமிடம் கேட்டதும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மூன்றாவது சாராருக்கு ட்ரான்ஸ் என்றாலே போதைதான். மேற்கொண்டு பேச்சே கிடையாது.

இவ்வளவு குழப்பம் வருவதற்குக் காரணம், இந்த இசை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. ரசிகர்கள் சிலாகிப்பார்கள், பிடிக்காதவர்கள் நையாண்டி செய்வார்கள், நடுவில் புதிதாகக் கேட்க வருகிறவர் திகைத்து நிற்பார். அந்தப் புதியவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. கருவிகளின் நுணுக்கங்களுக்குள் போகப்போவதில்லை. டிஜே யார், அவர் ஆல்பத்தில் என்ன செய்கிறார், ஒரு ட்ரான்ஸ் பாட்டு ஏன் அவ்வளவு நீளம், இந்த மூன்றும் தெளிந்தால் போதும்.

## தொகுக்கிறவரும் எழுதுகிறவரும்

ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பலர் எழுதிய கதைகளைத் தேடிப் படித்து, தேர்ந்தெடுத்து, எதை முதலில் வைப்பது, எதற்குப் பின் எது வந்தால் படிக்கிறவருக்கு அலுக்காது என்று யோசித்து வரிசைப்படுத்துகிறவர் தொகுப்பாசிரியர். அதற்கு ரசனை வேண்டும், நிறையப் படித்திருக்க வேண்டும். ஆனாலும் உள்ளே இருக்கும் கதைகள் அவருடையவை அல்ல. அதே ஆள் பிறகு உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினால் அது முழுக்க வேறு உழைப்பு.

டிஜே என்பவர் அந்தத் தொகுப்பாசிரியர். மேடையில் நின்று, பலர் உருவாக்கிய பாட்டுகளை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோகிறார். அப்படிச் செய்ததைப் பதிவாக வெளியிட்டால் அது மிக்ஸ் ஆல்பம். புரொட்யூசர் என்பவர் எழுத்தாளர். ஒலியை உருவாக்கி, மெட்டுப் போட்டு, அடுக்கிக் கோர்த்து, பாட்டாக முடித்துக் கொடுப்பவர் (சினிமாவில் பணம் போடுகிறவருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). அவர் தன் சொந்தப் பாட்டுகளைச் சேர்த்து வெளியிடுவதுதான் ஸ்டுடியோ ஆல்பம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ட்ரான்ஸ் உலகில் இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஒரே ஆள் செய்கிறார். இரண்டு வகை ஆல்பத்தின் அட்டையிலும் அதே பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். நெதர்லாந்தின் டியஸ்டோவைப் பாருங்கள். 1997 முதல் 2001 வரை 'மேஜிக்' என்ற வரிசையில் ஏழு மிக்ஸ் ஆல்பங்கள் போட்டார். 1999இல் 'இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்' என்ற இன்னொரு மிக்ஸ் வரிசையையும் தொடங்கினார். இவ்வளவுக்கும் பிறகு, 2001இல்தான் 'இன் மை மெமரி' வந்தது. அவருடைய முதல் ஸ்டுடியோ ஆல்பம் அதுதான். அதாவது உலகம் அறிந்த தொகுப்பாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அதன் பிறகு தன் முதல் நாவலைக் கொடுத்திருக்கிறார். அதே நாட்டைச் சேர்ந்த ஆர்மின் வான் பியூரனும் இப்படித்தான்: 'எ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சியை 2001இல் தொடங்கினார், முதல் ஸ்டுடியோ ஆல்பம் '76' வந்தது 2003இல். 76 என்பது அவர் பிறந்த வருடம்.

நடுவே ரீமிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இன்னொருவரின் கதையை, அவர் சம்மதத்தோடு, தன் நடையில் திருப்பி எழுதுவது. கனடாவின் டெலீரியம் குழு, சாரா மெக்லாக்லனின் குரலில் 'சைலன்ஸ்' என்று ஒரு நிதானமான பாட்டைக் கொடுத்திருந்தது. 2000 வாக்கில் டியஸ்டோ அதை எடுத்து, குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ட்ரான்ஸாக மாற்றிக் கட்டினார். மூலப் பாட்டைக் கேட்டிராத பலருக்கும் இந்த வடிவம் தெரியும்.

ஆக, ஆல்பத்தை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். பாட்டுக்கு ஒரு பெயர் இருந்தால் மிக்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், இடையிடையே பாடகர்கள் மட்டும் மாறுகிறார்கள் என்றால் ஸ்டுடியோ ஆல்பம்.

## எங்கே பிறந்தது

1990களின் தொடக்கத்தில், ஜெர்மனியில். பிராங்பேர்ட்டும் பெர்லினும்தான் முக்கியமான இரண்டு ஊர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோ, சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற இரண்டு மின்னணு நடன இசை வகைகளும் ஐரோப்பிய கிளப்புகளுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம். டெக்னோவின் இடைவிடாத இயந்திரத் தாளத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நீண்ட மெலடியையும் உருக்கமான ஸ்வரக் கூட்டங்களையும் ஏற்றினார்கள். பிராங்பேர்ட்டின் ஜாம் அண்ட் ஸ்பூன் இரட்டையர் அந்த முதல் தலைமுறை. கிழக்கு பெர்லினில் வளர்ந்த பால் வான் டைக் 1994இல் '45 ஆர்பிஎம்' என்ற ஆல்பத்தைக் கொடுத்தார். இன்றும் ரசிகர்கள் விடாமல் கேட்கும் 'ஃபார் அன் ஏஞ்சல்' அதில்தான் முதலில் வந்தது. நான்கு வருடம் கழித்து அவரே அதைத் திருத்தி வெளியிட்ட வடிவம்தான் அதிகம் பேருக்குப் பழக்கம்.

இத்தாலியில் வளர்ந்த ராபர்ட் மைல்ஸ் 1995இல் 'சில்ட்ரன்' என்ற பாட்டை வெளியிட்டார். பியானோவில் ஒரு சின்ன மெட்டு, அதுதான் பாட்டே. அப்போது இத்தாலியில் வார இறுதிகளில் விடியவிடிய ஆடிவிட்டுக் களைப்போடு வண்டி ஓட்டிப்போன இளைஞர்கள் விபத்தில் சாவது பெரிய கவலையாக இருந்தது. இரவு முடியும் வேளையில் கூட்டத்தைச் சற்று அமைதிப்படுத்தி அனுப்ப ஒரு பாட்டு வேண்டும் என்று நினைத்தார். போரில் சிக்கிய யூகோஸ்லாவியக் குழந்தைகளின் புகைப்படங்களை அவருடைய அப்பா கொண்டுவந்து காட்டியதும் இன்னொரு தூண்டுதல். 1996இல் வந்த 'ட்ரீம்லேண்ட்' ஆல்பத்தில் அந்தப் பாட்டு சேர்ந்தது. ட்ரான்ஸ் என்றால் இடி இடிக்கிற சத்தம் மட்டும்தான் என்று நம்புகிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

1990களின் முடிவில் நெதர்லாந்தும் பிரிட்டனும் முன்னணிக்கு வந்துவிட்டன. வரலாறு இவ்வளவு போதும், பாட்டுக்குள் போவோம்.

## பாட்டின் எலும்புக்கூடு

முதலில் தாளம். அடியில் கனமாக விழும் டிரம் சத்தத்துக்குக் கிக் என்று பெயர். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். ட்ரான்ஸில் பாரின் நான்கு தட்டிலும் கிக் விழும், ஒன்றுகூடத் தப்பாது. இரண்டு கிக்குக்கு நடுவே உள்ள இடைவெளியில் பேஸ், அதாவது அடிக்குரல் சத்தம், துள்ளி வரும். கிக் கீழே அழுத்த, பேஸ் மேலே தூக்க, கால் தானாக ஆடத் தொடங்குவதற்கு இந்த இரண்டே போதும்.

வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 130 முதல் 140 தட்டு. 138 என்பது ரசிகர்கள் வாயில் அடிக்கடி வரும் எண். அந்த வேகத்தில் ஒரு பார் முடிய 1.74 நொடி ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பழகிய காதுக்கு ட்ரான்ஸில் பிடிமானம் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பாட்டு பகுதிபகுதியாக மாறுவதில்லை, அடுக்கடுக்காக ஏறுகிறது. எட்டுப் பாருக்கோ பதினாறு பாருக்கோ ஒருமுறை ஏதாவது ஒன்று சேரும் அல்லது விலகும். ஒருமுறை தகடு தட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். அடுத்த முறை ஆர்பெஜியோ, அதாவது ஒன்றாக ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக உதிர்க்கும் ஓட்டம், பின்னணியில் கேட்கத் தொடங்கும். "ஒரே சத்தம்" என்கிறவர்கள் கிக்கை மட்டும் கேட்கிறார்கள். அது மாறாது. மாறுவதெல்லாம் அதன்மேல் நடக்கிறது.

இப்போது ஒரே ஒரு சத்தத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். உச்சக்கட்டத்தில் அரங்கம் முழுக்க நிரம்பி வழிகிற, நூறு வயலின் ஒன்றாக மின்சாரம் பாய்ந்து ஒலிப்பதாகத் தோன்றும் அந்தப் பெரிய சத்தம். அதற்குச் சூப்பர்சா என்று பெயர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1990களின் பாதியில் கொண்டுவந்த ஜேபி-8000 என்ற சின்தசைசரில், அதாவது மின்சுற்றிலிருந்து ஒலியை உருவாக்கும் கருவியில், இந்தப் பெயர் முதலில் வந்தது. உள்ளே நடப்பது எளிமையானது. ரம்பப்பல் வடிவத்தில் கூராக ஏறி இறங்கும் ஏழு ஒலியலைகளை ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கவிட்டு, ஆறு அலைகளின் சுருதியை மட்டும் நூலிழை அளவு விலக்கிவிடுகிறார்கள். சுருதி சற்று விலகிய இரண்டு ஒலி சேர்ந்தால் காதில் ஓர் அலைவு கேட்கும்: ஒன்று நொடிக்கு 440 அதிர்வு, மற்றது 442 என்றால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் தடித்து மெலியும். ஏழு அலைகளுக்குள் இப்படிப் பல அலைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழ, ஒற்றை ஸ்வரம் ஒரு கூட்டமே பாடுவதாக விரிந்துவிடுகிறது. சுருதி சேராமை பொதுவாகக் குறை. இங்கே அதை அளந்து வைத்து அழகாக்கியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு உத்தி தெரிந்தால் போதும். ஒன்று ஃபில்டர். ஒலியின் கூர்மையான மேல்பகுதியை வெட்டிவிடும் கருவி. முழுக்க மூடினால் அடுத்த அறையிலிருந்து வருகிற சத்தமாக மங்கும். முப்பது நொடி நேரத்தில் மெதுவாகத் திறந்தால், ஸ்வரம் ஒன்றுகூட மாறாமலேயே பாட்டு நம்மை நோக்கி வருவதாகத் தோன்றும். இன்னொன்று சைட்செயின். கிக் விழும் ஒவ்வொரு முறையும் மற்றச் சத்தங்கள் ஒரு கணம் தானாகத் தணிந்து மறுபடி எழும்படி செய்வது. ட்ரான்ஸ் பாட்டு மூச்சு வாங்குவதாகத் தோன்றுவது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: மாறாத கிக், அதன் இடைவெளியில் பேஸ், எட்டு அல்லது பதினாறு பாருக்கு ஒருமுறை ஏறும் அடுக்குகள், சூப்பர்சா, ஃபில்டர், சைட்செயின். கையில் இருக்கும் சாமான் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

## காத்திருக்க வைப்பது

ஒரு பாட்டு 256 பார் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 138 வேகத்தில் அது 7 நிமிடம் 25 நொடி வரும். கிளப்புக்காகச் செய்யும் ட்ரான்ஸ் பாட்டுக்கு வழக்கமான அளவு. வழக்கமான அமைப்பு எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

முதல் 32 பார் கிக்கும் சில தட்டுச் சத்தங்களும் மட்டும். ஏறத்தாழ 56 நொடி. வீட்டில் கேட்கிறவர் "எப்போது ஆரம்பிக்கும்?" என்று நெளிவது இங்கேதான். இந்தப் பகுதி அவருக்காகப் போட்டதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வாலோடு இந்தப் பாட்டின் தலையை டிஜே ஒட்ட வேண்டும். இரண்டு மெட்டு ஒன்றோடொன்று மோதினால் அபஸ்வரம். வெறும் தாளத்தோடு தாளம் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே தலையிலும் வாலிலும் தாளத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

அடுத்த 64 பாரில் பேஸ் வரும், ஆர்பெஜியோ வரும், பிரதான மெட்டின் ஒரு துண்டு ஃபில்டருக்குள்ளிருந்து மங்கலாக எட்டிப்பார்க்கும். முழுதாகத் தரமாட்டார்கள். 2 நிமிடம் 47 நொடியில் திடீரென்று கிக் நின்றுவிடும். பேஸும் போய்விடும். இதுதான் பிரேக்டவுன். இவ்வளவு நேரம் துண்டு துண்டாகக் கேட்ட மெட்டு இப்போது முழுதாக, தாளத் துணை இல்லாமல், விரிந்த ஒலியில் வரும். பாடகர் இருந்தால் பாடுவதும் பெரும்பாலும் இங்கேதான். 48 பார், அதாவது முழுதாக 83 நொடி, கால் வைக்கத் தரை இல்லாமல் நிற்க வேண்டும்.

பிறகு பில்ட்-அப். 16 பாரில் எல்லாம் ஏறும். டிரம் சத்தம் முதலில் தட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று நெருங்கும். காற்று சீறுகிற ஒரு சத்தம் மேலே மேலே போகும். ஃபில்டர் முழுக்கத் திறக்கும். கடைசியில் ஒரு தட்டு அளவுக்கு மொத்தமும் மௌனம். 4 நிமிடம் 38ஆவது நொடியில் கிக்கும் பேஸும் மெட்டும் சூப்பர்சாவும் ஒன்றாக வந்து விழும். அதற்கு டிராப் என்று பெயர். அடுத்த 64 பார் உச்சம். கடைசி 32 பாரில் மறுபடி தாளம் மட்டும், அடுத்த பாட்டுக்கு வழிவிட.

கணக்கைப் பாருங்கள். கிக் இல்லாமல் கேட்பவரை நிறுத்தி வைத்த நேரம் 1 நிமிடம் 51 நொடி. வானொலியில் வரும் ஒரு பாட்டு அந்த நேரத்தில் பாதி முடிந்திருக்கும். ட்ரான்ஸின் முழுச் சாமர்த்தியமும் அந்த 111 நொடிக்குள் இருக்கிறது.

அது ஏன் வேலை செய்கிறது? மூன்று நிமிடம் ஒரே சீராகத் தட்டு விழுந்தால், அடுத்தது எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கப் பழகிவிடும். தட்டை எடுத்துவிட்டாலும் கணிப்பு நிற்காது. வராத தட்டுக்காக உடம்பு காத்திருக்கும். இசை கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையை ஆராய்ந்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இன்பத்தோடும் எதிர்பார்ப்போடும் தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள், மெய்சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கிறதாம். அந்த ஆய்வு ட்ரான்ஸைப் பற்றியது அல்ல, பொதுவாக இசையைப் பற்றியது. ஆனால் ட்ரான்ஸ் செய்கிறவர்கள் இதைக் காதாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

டியஸ்டோ தன் 2004ஆம் ஆண்டு ஆல்பமான 'ஜஸ்ட் பி'யில் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்' என்ற செவ்விசைப் படைப்பை எடுத்தாண்டதும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 1930களில் எழுதப்பட்ட அந்தப் படைப்பே தந்தி வாத்தியங்கள் படிப்படியாக ஏறி, உச்சத்தில் போய் நின்று, மௌனமாகி, மறுபடி மெல்லத் தொடர்வதுதான். கிக்கைச் சேர்த்தால் ட்ரான்ஸ் ஆகிவிடும் அளவுக்கு அமைப்பு ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தது.

## "எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணுது"

பாட்டு கம்ப்யூட்டரில்தான் கட்டப்படுகிறது, உண்மை. ஒலித்தடங்களை வரிசையாக அடுக்கி, வெட்டி, ஒட்டி, சமன்படுத்தும் மென்பொருளுக்கு டிஏடபிள்யூ என்று பெயர்; எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், கியூபேஸ், லாஜிக் எல்லாம் இந்த ரகம். எந்த மெட்டு, எத்தனை பாருக்குப் பிறகு வர வேண்டும், கிக்கை எப்போது எடுக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. மேலே பார்த்த 48 பார் பிரேக்டவுனை 32 ஆக்கினால் பாட்டு அவசரப்படும், 80 ஆக்கினால் கூட்டம் கலைந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை ஒரு ஆள்தான் முடிவு செய்கிறார்.

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த ஆள் அட்டையில் இருப்பவர்தானா? பிரபலமான டிஜேவின் பெயரில் வேறொருவர் பாட்டு செய்து கொடுப்பது இந்தத் துறையில் நடக்கிறது. பெயர் வெளியே வராமல் செய்பவரைக் கோஸ்ட் புரொட்யூசர் என்பார்கள். அதே சமயம், ஸ்டுடியோவில் துணைக்கு ஒரு இணைப் புரொட்யூசரை வைத்துக்கொண்டு அவர் பெயரையும் ஒழுங்காகப் போடுகிறவர்களும் நிறையப் பேர். இரண்டும் ஒன்றல்ல. ஆல்பத்தின் உள்தாளில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தால் தெரிந்துவிடும்.

## போதை என்கிற பேச்சு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளப் கலாசாரத்தோடு போதைப்பொருள் பேச்சும் கூடவே வந்தது. ராக், ஜாஸ் எல்லாவற்றோடும் வந்த மாதிரி. கோவா கடற்கரை விருந்துகளில் உருவான கோவா ட்ரான்ஸ் பற்றிய படிமமும் இதில் சேர்ந்துகொண்டது. அதன் வழியில் வந்த சைட்ரான்ஸ் இன்னும் வேகமாக, இன்னும் சுழலும் சத்தங்களோடு போகும். ஜெர்மனி, நெதர்லாந்துப் பக்கத்து மெலடி ட்ரான்ஸிலிருந்து அது தனிக் கிளை. பாட்டு தரும் கிறக்கம் மேலே சொன்ன காத்திருப்பிலிருந்து வருகிறது. அதற்கு ஹெட்ஃபோனைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாது.

## பாட்டு ஆல்பமாகும்போது வரும் சிக்கல்

இப்போது அசல் விஷயத்துக்கு வரலாம். இப்படிப்பட்ட பாட்டுகள் பத்து சேர்ந்தால் ஆல்பம் ஆகிவிடுமா? 7 நிமிடம் 25 நொடிப் பாட்டு பத்து என்றால் 74 நிமிடம். சிடி காலத்தில் ஒரு வட்டின் வழக்கமான கொள்ளளவே அவ்வளவுதான். நீளம் பொருந்திவிடும், கேட்கிறவர்தான் தாங்கமாட்டார். பத்து முறை தாளம் மட்டும் ஒரு நிமிடம், பத்து முறை பிரேக்டவுன், பத்து முறை அதே இடத்தில் டிராப். மூன்றாவது பாட்டிலேயே எப்போது என்ன வரும் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் காத்திருப்பில் சுவை இல்லை.

அதனால் ஸ்டுடியோ ஆல்பம் செய்ய உட்காரும் டிஜே, மேடையில் பழகிய பல பழக்கங்களைக் கைவிட வேண்டியிருக்கிறது. தலையிலும் வாலிலும் இருக்கும் தாளப் பகுதியைக் குறைக்கிறார். நடுவில் கிக்கே இல்லாத ஒன்றிரண்டு நிதானமான பாட்டுகளை வைக்கிறார். பாடகர்களைக் கூப்பிடுகிறார். 'இன் மை மெமரி'யில் மொத்தம் ஒன்பது பாட்டு. 'ஃபிளைட் 643', 'லீத்தல் இண்டஸ்ட்ரி' மாதிரி குரலே இல்லாத கிளப் பாட்டுகளுக்கு நடுவே, நிக்கோலா ஹிட்ச்காக், கிர்ஸ்டி ஹாக்ஷா, ஜான் ஜான்ஸ்டன் ஆகிய பாடகிகளின் பாட்டுகள் வரும். மேடைக்கும் வீட்டுக்கும் இடையில் அவர் பிடித்த சமரசம் அது.

ஜாம் அண்ட் ஸ்பூன் இதே சிக்கலை 1993இலேயே வேறு விதமாகக் கையாண்டார்கள். 'ட்ரிபோமேட்டிக் ஃபேரிடேல்ஸ்' என்ற தலைப்பில் 2001, 2002 என்று எண்ணிட்டு இரண்டு ஆல்பம் கொடுத்தார்கள். ஒன்று ஆடுவதற்கு, மற்றது பெரும்பாலும் சாய்ந்து உட்கார்ந்து கேட்பதற்கு. எனக்கு இந்த நேர்மை பிடிக்கும்.

பாடகர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு ஆல்பத்தில் மூன்று குரல் என்றால் அழகு. பாட்டுக்கு ஒரு விருந்தினர் என்று ஆகிவிட்டால், ஒவ்வொன்றும் நாலு நிமிடப் பாப் பாட்டாகச் சுருங்கி, காத்திருக்க வைக்கும் அந்த வேலைக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. 2010க்குப் பிறகு வந்த பல பெரிய பெயர்களின் ஆல்பங்களில் இதைக் கேட்கலாம். விற்பனைக்கு நல்லது, மறுக்கவில்லை.

எந்தப் பெட்டியிலும் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுவாரியாக வீரர்கள் அணிவகுத்து வந்தபோது டியஸ்டோ நேரடியாக இசை வாசித்தார். அதற்காக அவர் செய்த இசை 'பரேட் ஆஃப் தி அத்லீட்ஸ்' என்ற பெயரில் வந்தது. பாட்டெல்லாம் அவருடையவை, ஆனால் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று கோர்த்த மிக்ஸாகத்தான் வெளியானது. எழுத்தாளரே தன் கதைகளைத் தானே தொகுத்த கதை.

## முதல்முறை கேட்பவருக்கு

போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிக்கின் கனம் இருப்பது மிகத் தாழ்ந்த அதிர்வுகளில். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை வெளியே கொண்டுவர முடியாது. கிக் கேட்காவிட்டால் அது நின்றதும் தெரியாது, திரும்பி வந்ததும் தெரியாது. சுமாரான ஹெட்ஃபோன்கூடப் போதும்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். நல்ல ஸ்டுடியோ ஆல்பத்தில் நிதானமான பாட்டு ஒரு காரணத்தோடுதான் அந்த இடத்தில் இருக்கும்.

பாட்டின் பெயருக்குப் பின்னால் இருக்கும் சொற்களைக் கவனியுங்கள். 'எக்ஸ்டெண்டட் மிக்ஸ்' என்றால் டிஜேக்களுக்கான முழு நீள வடிவம், தலையும் வாலும் தாளத்தோடு. 'ரேடியோ எடிட்' என்றால் மூன்று, நான்கு நிமிடத்துக்கு வெட்டியது. பிரேக்டவுன் பாதிதான் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆல்பத்தில் இருக்கும் வடிவம். புதியவர்களுக்கு ரேடியோ எடிட்தான் சுலபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, உச்சத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றுதான் தோன்றும். ஆல்பம் வடிவத்தில் தொடங்குங்கள். ஒரு பாட்டு பிடித்துப்போனால் அதன் எக்ஸ்டெண்டட் மிக்ஸைத் தேடி, கிக் நிற்கும் இடத்திலிருந்து திரும்பி வரும் இடம் வரைக்கும் நொடிகளைப் பாருங்கள். ஆல்பத்துக்காக எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே எண்ணாகவே தெரியும்.